காசிமேட்டு ஏலக் குரலும் ஒரு முதுகலை ஆய்வும்

பேச்சு மொழி நோயியலில், அதாவது பேச்சு, மொழி, குரல் சிக்கல்களுக்குத் தெரபி கொடுக்கும் துறையில், முதுகலை சேரும் பிள்ளைகளுக்கு வகுப்புகள் பயம் தருவதில்லை. கிளினிக்கும் பழகிய இடம்தான்; இளங்கலை நான்கு ஆண்டில் கடைசி ஓராண்டு இன்டர்ன்ஷிப்பாகவே போயிருக்கும். பயம் தருவது டெசர்ட்டேஷன். ஒரு கைடின் மேற்பார்வையில் தனியாக ஓர் ஆய்வு செய்து, எழுதி, வைவாவில் நின்று பதில் சொல்ல வேண்டும் என்றதும், "புதுசா ஏதாவது கண்டுபிடிக்கணுமா?" என்ற கேள்விதான் முதலில் வருகிறது. ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கமிருந்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வருகிறவர்களிடம் இந்தப் பயம் இன்னும் கூடுதலாக இருக்கிறது. ஆராய்ச்சி செய்த ஒருவரைப் பக்கத்தில் இருந்து பார்க்கிற வாய்ப்பு அவர்களுக்குக் கிடைத்ததே இல்லை. அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. விடை காணக்கூடிய ஒரு கேள்வியை எடுத்து, ஒழுங்கான வழியில் விடை தேடி, எப்படித் தேடினீர்கள் என்பதை அடுத்தவர் திரும்பச் செய்துபார்க்கும் அளவுக்கு எழுதி வைத்தால் போதும். விடை "வித்தியாசம் இல்லை" என்று வந்தாலும் அது விடைதான். அதற்காக யாரும் மார்க் குறைக்கக் கூடாது, நல்ல தேர்வாளர் குறைக்கவும் மாட்டார்.

தெரபி கொடுக்கப் போகிறவருக்கு ஆராய்ச்சி எதற்கு? மூன்று வயதுக் குழந்தைக்கு ஆறு மாதம் தெரபி கொடுத்தோம், இப்போது பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு மாதத்தில் குழந்தை வளர்ந்தும் இருக்கிறது, பால்வாடிக்கும் போக ஆரம்பித்திருக்கிறது, வீட்டில் செல்போன் பார்ப்பதும் குறைந்திருக்கிறது. பேச்சு வந்தது எதனால்? "தெரபியால்தான்" என்று சொல்ல நமக்கு ஆசையாக இருக்கும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிவைத்து, "இது எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகுவதுதான் இந்த டெசர்ட்டேஷனின் வேலை. பட்டம் வாங்கிய பிறகும் ஒவ்வொரு நோயாளியிடமும் அந்தக் கேள்வி கூடவே வரும்.

கேள்வியைச் சின்னதாக்குவது

மாணவர்கள் கைடிடம் முதலில் கொண்டுவருவது பெரும்பாலும் தலைப்பாக இருக்கும், கேள்வியாக இருக்காது. "ஆட்டிசத்துல பண்றேன் மேடம்", "திக்குவாய்ல பண்றேன் சார்" என்பார்கள். அது ஒரு பெரிய ஏரியா. அதிலிருந்து ஒரு கேள்விக்கு இறங்கி வருவதுதான் மொத்த வேலையிலும் கடினமான பகுதி என்று நான் நினைக்கிறேன். இங்கே செலவழிக்கும் வாரங்கள் வீண் இல்லை. ஆகவே ஓர் உதாரணத்தை எடுத்து நிதானமாகவே இறங்குவோம்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியும் முன்பே ஏலம் களைகட்டிவிடும். ஏலம் விடுகிறவர் ஐஸ் உடைக்கிற சத்தம், வண்டிச் சத்தம், கூட்டத்தின் இரைச்சல் எல்லாவற்றுக்கும் மேலே குரல் எடுத்தாக வேண்டும். சத்தமான இடத்தில் நாம் நம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் விவரித்தார். இன்றும் அவர் பெயரிலேயே அதை லொம்பார்ட் எஃபெக்ட் என்கிறோம். பேசும்போது குரல் நாண்கள் ஆண்களுக்கு நொடிக்குச் சுமார் 100 முறைக்கு மேலும், பெண்களுக்கு சுமார் 200 முறையும் அதிர்கின்றன. கத்தும்போது அவை இன்னும் வேகமாகவும் பலமாகவும் மோதிக்கொள்ளும். இது பல காலம் தொடர்ந்தால் நாண்களின் விளிம்பு தடித்து முடிச்சு விழலாம், குரல் கரகரத்துப் போகலாம்.

இதை வைத்து ஒரு மாணவி, "ஏலம் விடுகிறவர்களுக்குக் குரல் பாதிப்பு உண்டா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல அக்கறை. ஆனால் இதற்கு விடை காண முடியாது. எந்தப் பாதிப்பு? கரகரப்பா, வலியா, காலையில் ஏலம் முடிந்ததும் வருகிற களைப்பா? யாரோடு ஒப்பிட்டுப் பாதிப்பு என்கிறோம்?

சரி, ஒப்பிட ஆள் வேண்டும். துறைமுகத்திலேயே வலை பின்னுகிறவர்களோடு ஒப்பிடலாமா? அதே காற்று, அதே வெயில், குரலுக்கு அவ்வளவு வேலை இல்லை. முதல் கேள்வியை விட இது எவ்வளவோ மேல். ஆனால் ஒருவர் பீடி பிடிப்பார், இன்னொருவர் பிடிக்க மாட்டார். ஒருவருக்கு வயது 30, இன்னொருவருக்கு 60. குரலில் வித்தியாசம் தெரிந்தால் அது ஏலத்தால் வந்ததா, பீடியால் வந்ததா, வயதால் வந்ததா?

அப்போது ஊரை அறிந்த ஒருவருக்குத்தான் அடுத்த யோசனை வரும். கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக அரசு விதிக்கும் தடைக்காலம் அது. விசைப்படகு கரையில் நின்றால் ஏலமும் படுத்துவிடும். ஏலம் விடுகிறவரின் குரலுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாத ஓய்வு! அப்படியானால் ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிடலாம்: தடைக்காலத்தின் கடைசி வாரத்தில் ஒரு முறை, ஏலம் மறுபடி முழு வேகத்தில் நடக்கும் ஆகஸ்டில் ஒரு முறை. வயதும் உடல்வாகும் இரண்டு முறையும் அதேதான். பீடி பழக்கம் மாறினால் மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிந்தனை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இருக்கும் சொத்து இது. நம் ஊரைப் பற்றி நமக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பது ஆய்வுக்கு உதவாது என்று பல மாணவர்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அதில்தான் கேள்விகள் கிடைக்கின்றன.

இதிலும் ஓட்டைகள் உண்டு. தடை விசைப்படகுகளுக்குத்தான், ஃபைபர் படகுகள் போய்வரும், அதனால் சின்ன அளவில் ஏலம் நடக்கும். அந்த இரண்டு மாதம் சிலர் வேறு சந்தைக்குக் கூவி விற்கப் போகலாம். அதோடு முதல் அளவீடு கோடையில் விழுகிறது, உடலில் நீர்ச்சத்து குறைந்தால் குரலும் மாறும். ஆகவே ஒவ்வொருவரிடமும் கடந்த வாரம் எத்தனை மணி நேரம் சத்தமாகக் குரல் கொடுத்தார், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்றெல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டையே இல்லாத ஆய்வு கிடையாது. எங்கே ஓட்டை என்று முன்கூட்டியே தெரிந்து எழுதியிருக்கிறீர்களா என்பதைத்தான் வைவாவில் பார்ப்பார்கள்.

கடைசியில் கேள்வி இப்படி வந்து நிற்கும்: காசிமேட்டில் ஐந்து ஆண்டுக்கு மேல் ஏலம் விடும், 25 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களின் குரல் அளவுகள், தடைக்காலத்தின் கடைசி வாரத்துக்கும் ஆகஸ்ட் மாதத்துக்கும் இடையே மாறுகின்றனவா? பெண்களின் குரல் அதிர்வெண் வேறு என்பதால் இருவரையும் ஒரே கணக்கில் போட முடியாது, அதனால்தான் இங்கே ஆண்கள் மட்டும். தலையில் கூடையோடு தெருத்தெருவாகக் கூவி மீன் விற்கும் பெண்களின் குரலுக்குத் தனி ஆய்வு வேண்டும். யாராவது அதை எடுத்துச் செய்தால் மிகவும் மகிழ்வேன்.

ஊர்ப் பேச்சு நோய் ஆகாது

குரலை விட்டுக் குழந்தைகளின் உச்சரிப்பை எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. வடசென்னையில் "வாயப்பயம்" என்று சொல்கிற ஐந்து வயதுக் குழந்தைக்கு உச்சரிப்புக் குறைபாடு இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது. அம்மா, ஆயா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். குழந்தை கேட்டதைச் சரியாகக் கற்றிருக்கிறது. அதே குழந்தை "காக்கா" என்பதைத் "தாத்தா" என்று சொன்னால் அது வேறு விஷயம், கவனிக்க வேண்டியது. எழுத்துத் தமிழை அளவுகோலாக வைத்து மதிப்பெண் போட்டால், பாதித் தெருவை நோயாளிகளாக்கிவிடுவோம். வண்ணாரப்பேட்டை, சவுகார்பேட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதோ மார்வாடியோ பேசி, பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் கேட்கும் குழந்தைகளும் நிறைய. தமிழில் மட்டும் சோதித்து "சொல்வளம் குறைவு" என்று எழுதுவதற்கு முன், வீட்டு மொழியில் எத்தனை சொல் தெரியும் என்று பார்த்தாக வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

கைடு என்ன செய்வார்

கைடு உங்களுக்குப் பதில் யோசிப்பவரும் இல்லை, எழுத்துப்பிழை திருத்துபவரும் இல்லை. நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் கேட்பார், முடியாத திட்டத்தை முடியாது என்று சொல்வார், பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்த்துக்கொள்வார். அவர் கையெழுத்தில்லாமல் ஆய்வேடு போகாது, அதனால் அவருக்கும் அதில் பொறுப்பு உண்டு. சில ஆய்வுகளுக்கு இணைக் கைடும் வேண்டியிருக்கும். நம் உதாரணத்தில் குரல்வளைக்குள் பார்க்க ஒரு காது மூக்குத் தொண்டை மருத்துவர் தேவை.

கைடைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். "என்ன பண்றதுன்னே தெரியல மேடம்" என்று நின்றால் அவராலும் உதவ முடியாது. அரைப் பக்கமாவது எழுதி, "இதில் இந்த இரண்டு வழியில் எது சரி?" என்று கேளுங்கள். பேசி முடித்ததும் என்ன முடிவானது என்பதை அன்றே நாலு வரியில் அவருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து இருவருக்கும் நினைவு வேறாக இருக்கும்போது அந்த நாலு வரி காப்பாற்றும்.

முன்பு யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தேடுவது அடுத்த வேலை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் பப்மெட், கூகுள் ஸ்காலர் என்ற இணையதளங்கள் இரண்டும் இலவசம். 1965-இல் மைசூரில் தொடங்கிய அகில இந்திய பேச்சு செவிப்புலன் நிறுவனத்தின் மாணவர் ஆய்வேடுகளையும் தேடிப் படியுங்கள். இந்திய மொழிகளில் நடந்த பல ஆய்வுகள் அங்கேதான் இருக்கின்றன. படித்ததை அப்படியே எடுத்து ஒட்டாதீர்கள். பிறர் எழுத்தோடு ஒத்துப்போவது பத்து சதவீதத்தைத் தாண்டினால் 2018-இல் வந்த பல்கலைக்கழக மானியக் குழு விதிகளின்படி நடவடிக்கை உண்டு.

எத்திக்ஸ் கமிட்டி ஏன் இவ்வளவு கேள்வி கேட்கிறது

பங்கேற்பவருக்குத் தீங்கு வராதா என்று ஆய்வுத் திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தரும் குழுதான் எத்திக்ஸ் கமிட்டி. அது ஏன் அவ்வளவு கேட்கிறது என்பதற்கு நம் துறையின் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது, அதுவும் ஒரு முதுகலை ஆய்வில். 1939-இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் மேரி டியூடர் என்ற மாணவி, வென்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில் ஓர் ஆய்வு செய்தார். ஜான்சனுக்கே திக்குவாய் உண்டு. ஒரு குழந்தையைத் "திக்குகிறாய், திக்குகிறாய்" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தால், அதுவே திக்கலை உண்டாக்குமா என்பது கேள்வி. டேவன்போர்ட் நகரில் உள்ள அனாதை இல்லத்தில் 22 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த சில பிள்ளைகளிடமும், "உனக்குத் திக்கல் ஆரம்பிக்கிறது, சரியாகப் பேச வராவிட்டால் பேசவே பேசாதே" என்கிற பாணியில் மாதக்கணக்கில் சொல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகள் பேசவே கூச்சப்பட்டு ஒடுங்கிப்போனார்கள். டியூடர் பின்னர் திரும்பப் போய்ச் சரிசெய்ய முயன்றார். ஆய்வு எந்த இதழிலும் வெளிவரவில்லை, ஆய்வேடு நூலகத்தில் கிடந்தது. 2001-இல் ஒரு செய்தித்தாள் இதை வெளிக்கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. 2007-இல் அயோவா மாநில அரசு பாதிக்கப்பட்டவர்கள் தரப்புக்கு 9,25,000 டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தக் குழந்தைகளுக்கு அப்போது எழுபது, எண்பது வயது.

யார் அந்த 22 பேர்? தமக்காகப் பேச அம்மா அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளைகள். ஏழைகளும் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஆய்வுக்கு "எளிதாகக் கிடைப்பார்கள்" என்பதால் அவர்களிடம் போவது தவறு. வடசென்னையில் ஆய்வு செய்கிறவர் இதைத் தினமும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் இதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்டது. ஆய்வு தொடங்கும் முன் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். பங்கேற்பவருக்குப் புரிகிற தமிழில் தகவல் தாள் வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி முன் கைநாட்டு வாங்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம். ஏழு வயதைத் தாண்டிய குழந்தையிடம் தனியாக அதன் இசைவையும் கேட்க வேண்டும். குழந்தை வேண்டாம் என்றால் வேண்டாம்தான். தெரபி கொடுத்துப் பார்க்கிற ஆய்வாக இருந்தால், முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிந்துவிடுங்கள், கட்டணம் கிடையாது.

தகவல் தாள் எழுதும்போது மேசைத் தமிழை விட்டுவிடுங்கள். "தங்களது குரல்சார் அளவுருக்கள் பகுப்பாய்விற்கு உட்படுத்தப்படும்" என்று எழுதினால் துறைமுகத்தில் யாருக்கு என்ன புரியும்? "அண்ணா, உங்க குரலை ரெக்கார்ட் பண்ணி கம்ப்யூட்டர்ல அளந்து பார்ப்போம். பாதியில வேணாம்னு தோணுச்சுன்னா விட்டுடலாம், ஒண்ணும் கேட்க மாட்டோம்" என்று வாயால் சொல்லிப் பாருங்கள், அப்புறம் அதை எழுதுங்கள். இன்னொன்று: குரலே ஓர் அடையாளம். பெயரை அழித்துவிட்டாலும் ஒலிப்பதிவைக் கேட்டால் அக்கம்பக்கத்தினர் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கோப்பு உங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றக் கூடாது.

அளக்கும்போது ஒருவருக்குக் குரல் மிகவும் மோசமாக இருப்பது தெரியவந்தால்? ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க முடியாது. இரண்டு மூன்று வாரமாகியும் சரியாகாத கரகரப்பு, அதுவும் புகைப்பவருக்கு என்றால், தொண்டைக்குள் பார்த்தே ஆக வேண்டும். புற்றுநோயும் அப்படித்தான் தொடங்கலாம். பக்கத்திலேயே ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. அங்கே காது மூக்குத் தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவதற்கான ஏற்பாட்டைத் திட்டத்திலேயே எழுதிவையுங்கள்.

அளப்பது

ஒலியை ஆராயப் பிராட் என்ற மென்பொருள் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். "ஆ" என்று ஒரே சீராக நீட்டிச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தால், சராசரி அதிர்வெண், அதிர்வுக்கு அதிர்வு வரும் நடுக்கம் போன்றவற்றைக் கணக்கிட்டுத் தரும். ஒரே மூச்சில் எத்தனை நொடி "ஆ" சொல்ல முடிகிறது என்பதை ஸ்டாப்வாட்சிலேயே அளக்கலாம்.

பதிவு நன்றாக இல்லாவிட்டால் மென்பொருள் தரும் எண்கள் குப்பைதான். ஏலக் களத்தில் நின்று பதிவு செய்ய முடியாது, சுற்றுச் சத்தத்தையும் குரலின் கரகரப்பாக அது எண்ணிக்கொள்ளும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போகிற அறையும் ஆகாது. ஜன்னல் மூடிய, மின்விசிறி அணைத்த ஓர் அறை, எல்லாருக்கும் அதே மைக், வாயிலிருந்து அதே தூரம், இரண்டு முறையும் நாளின் அதே நேரம். செல்போனில் பதிவு செய்தால் அதுவே சத்தத்தை வடிகட்டிக் குரலையும் மாற்றிவிடும்.

தொடர்பேச்சும் வேண்டும். ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்வது வழக்கம். ஆனால் எல்லாருக்கும் வாசிக்க வராது, வாசிப்பவரும் பள்ளிக்கூடக் குரலுக்கு மாறிவிடுவார். ஒன்று முதல் இருபது வரை எண்ணச் சொல்லலாம். அப்புறம் அவர் தினமும் விடுகிற ஏலத்தையே ஒரு நிமிடம் விடச் சொல்லலாம். நான் கைடாக இருந்தால் இந்த இரண்டாவதைக் கட்டாயம் கேட்பேன்.

எண்கள் சொல்லாததைக் காது சொல்லும். ஆகவே பயிற்சி பெற்ற இரண்டு பேர் பதிவுகளைக் கேட்டுக் கரகரப்புக்கு மதிப்பெண் போட வேண்டும். எது தடைக்காலப் பதிவு, எது ஆகஸ்ட் பதிவு என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் எதிர்பார்ப்பதையே காது கேட்கும். நீங்களும் சில பதிவுகளைச் சில வாரம் கழித்து மறுபடி கேட்டு, உங்கள் மதிப்பெண்ணோடு நீங்களே ஒத்துப்போகிறீர்களா என்று பாருங்கள். பலருக்கு இதில்தான் அதிர்ச்சி காத்திருக்கும்.

குரலால் வாழ்க்கையில் என்ன சிரமம் என்று கேட்க 1997-இல் வந்த வாய்ஸ் ஹேண்டிகேப் இன்டெக்ஸ் போன்ற கேள்வித்தாள்கள் உண்டு. முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆங்கிலத் தாளை நீங்களே ஓர் இரவில் தமிழாக்கிப் பயன்படுத்தக் கூடாது. சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடி, உரியவரிடம் அனுமதி வாங்கிப் பயன்படுத்துங்கள்.

எத்தனை பேர் வேண்டும் என்பதை முதலிலேயே புள்ளியியல் தெரிந்தவரிடம் கேளுங்கள். எவ்வளவு சின்ன வித்தியாசத்தைப் பிடிக்க நினைக்கிறீர்களோ, அவ்வளவு அதிகம் பேர் தேவைப்படுவார்கள். ஆகஸ்டில் சிலர் வர மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே சேர்க்க வேண்டும். ஒரே ஆளை இரண்டு முறை அளப்பதால் இணைச்சோதனை முறை பொருந்தும். p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்ததும் துள்ளிக் குதிக்காதீர்கள். வித்தியாசமே இல்லாத நிலையிலும் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு குறைவு என்று மட்டும்தான் அது சொல்கிறது. அந்த வேறுபாடு ஏலம் விடுகிற மனிதருக்குப் பொருட்படுத்தத் தக்கதா என்பதை அவர் கேள்வித்தாளில் சொன்ன பதிலோடு வைத்து நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

காலண்டர்

தடைக்காலம் உங்களுக்காகக் காத்திருக்காது. ஜூன் இரண்டாம் வாரம் முதல் பதிவு என்றால், ஏப்ரலுக்குள் எத்திக்ஸ் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். கமிட்டி திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புவது சாதாரணம், அதற்கும் இடம் விட்டால் ஜனவரியிலாவது விண்ணப்பம் போக வேண்டும். அப்படியானால் டிசம்பருக்குள் கேள்வி முடிவாகி, சினாப்சிஸில், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கத்தில், கைடின் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். மே மாதம் இரண்டு மூன்று பேரிடம் ஒத்திகை பாருங்கள்; மைக், அறை, கேள்விகளில் எது சரிவரவில்லை என்பது அப்போதுதான் தெரியும். ஆகஸ்ட் பதிவு முடிந்ததும் எழுத உட்காருங்கள். முறையியல் அத்தியாயத்தை மட்டும் ஜூலையிலேயே, நினைவு பசுமையாக இருக்கும்போது எழுதிவிடுங்கள்.

ஆய்வேடு கொடுத்த பிறகு ஒரு நாள் ஒதுக்கித் துறைமுகத்துக்குப் போங்கள். ஒவ்வொருவரிடமும் அவர் குரலில் என்ன பார்த்தீர்கள் என்பதைப் பேச்சுத் தமிழில் சொல்லி, தண்ணீர் குடிப்பது, ஏலத்துக்கு நடுவே தொண்டையைச் செருமாமல் இருப்பது, கையில் பிடிக்கும் சின்ன ஒலிபெருக்கி பயன்படுத்துவது பற்றியும் சொல்லுங்கள். ஏலம் முடிந்து கணக்குப் பார்க்கும் நேரத்தில் போனால் நின்று கேட்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அங்கே நிற்கவே இடம் இருக்காது.